மடைக்குழிக் கெளுத்தி

கொல்லைப்புறத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். சின்னதாக இரண்டு செருமல், அப்புறம் அடிநெஞ்சிலிருந்து கோழையை இழுத்துக்கொண்டு வரும் நீளமான ஒன்று, அதற்குப் பிறகு துப்ப இடம் தேடுகிற மாதிரி ஒரு நிறுத்தம். தர்மராஜ் கையிலிருந்த டீயைக் குடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஊர் முழுக்க அன்றைக்குக் கண்மாய்ச் சேற்று வாடையும், வீட்டுக்கு வீடு கொதிக்கும் மீன் குழம்பின் புளி வாடையும், தெருவில் கிடந்த செதில் காய்கிற வாடையும் ஒன்றாகக் கலந்து வெயிலில் நின்றன. அந்த வாடைக்கு நடுவில் அந்தச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது.

கொல்லையில் ஆள் யாரும் இல்லை. கிணற்றடியில் நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்றுதான் இருந்தது. காலையில் மச்சான் பாண்டீஸ்வரன் பிடித்து வந்த கெளுத்தி அதற்குள் கிடந்தது.

கெளுத்தி சத்தம் போடும் என்பது சிக்கல் ஊர்ப்பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தண்ணீரை விட்டு எடுத்தால் கரகரவென்று கத்தும். ஆனால் தண்ணீருக்குள் இருந்துகொண்டு, இந்த வரிசையில், இந்த நிறுத்தத்தோடு எந்தக் கெளுத்தியும் செருமி அவன் கேட்டதில்லை. அப்படிச் செருமிய மனுஷர் ஒருத்தரைத்தான் அவனுக்குத் தெரியும். அவர் போய்ச் சேர்ந்து நாளையோடு ஒரு வருஷம்.

அய்யா ராக்கப்பன் கடைசி இரண்டு வருஷம் இதே கூடத்தில், இதே சுவரோரம், இரும்புக் கட்டிலில் கிடந்தார். நெஞ்சுச் சளி. ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி, மதுரை எல்லாம் பார்த்தாயிற்று. சிரட்டையில் ஆற்று மணலைப் போட்டு கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பார்கள். செருமல் கேட்டதும் தர்மராஜ் ஓடிப்போய்ச் சிரட்டையை அவர் வாய்க்குக் கீழே பிடிக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பிடிப்பான். சாம்பல் நிறத்தில், கயிறு மாதிரி, அறுபடாமல் இறங்கும். மணலில் விழுந்த பிறகும் ஒரு முனை அவர் உதட்டிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அய்யா மேல் அவனுக்குப் பாசம் இல்லாமல் இல்லை. பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும், குமட்டல் அதுபாட்டுக்கு வந்தது.

ஒருநாள் சிரட்டையைக் கழுவக் கொண்டுபோன நேரம் பார்த்து அவருக்கு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. "ஏலே தர்மா, கையை நீட்டுலே" என்றார். பெற்ற பிள்ளையிடம் கேட்கக்கூடியதுதான். தர்மராஜ் ஓரடி பின்னால் போனான். அது தரையில் விழுந்தது. அய்யா தரையையும் பார்த்தார், அவனையும் பார்த்தார்.  அப்புறம் சாகும்வரை அவனிடம் கையைக் கேட்கவில்லை.

"மாப்ள, அதைப் பாத்தியா இல்லையா? கை நீளம் இருக்குது" என்று பாண்டீஸ்வரன் ஈரத் துண்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார். தர்மராஜின் அக்கா கலைச்செல்வியின் புருஷன், நயினார்கோவில்காரர், எதையும் ரசித்துச் சொல்கிற ஆள். காலையில் அய்யனாருக்குச் சூடம் காட்டி, ஊர்த்தலைவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், ஊரே ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு வற்றிய கண்மாய்க்குள் இறங்கியது. ஊத்தா என்பது மேலேயும் கீழேயும் திறந்த மூங்கில் கூடை. கலங்கிய சேற்றில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. குத்துமதிப்பாகக் கூடையைக் குத்தி, மேல் வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும்.

"நடுக் கண்மாயில ஒண்ணும் அம்புடல. சரின்னு மடைக்குழிக்குப் போனேன். உங்க ஊர்க்காரன் ஒருத்தனும் அங்கன இறங்கல, வாடையா அடிக்கிதுன்னு. நான் குத்துனேன் பாரு, மொத குத்துலயே தட்டுச்சு. கையை விட்டேன். மீனு விலகித்தானே ஓடும்? இது ஓடல மாப்ள. என் கையை வாய்க்குள்ள வாங்கிக்கிருச்சு. கடிக்கல. பல்லு போன கெழவன் சப்புற மாதிரி மெதுவா சப்புச்சு."

அவர் சிரித்தார். தர்மராஜ் எழுந்து வாசலுக்குப் போய் எச்சிலைத் துப்பினான். வாய்க்குள் புளித்த பால் வாடை வந்திருந்தது. கண்மாய் மடை வாயில் தண்ணீர் அரித்த பள்ளம்தான் மடைக்குழி. அந்தச் சொல்லைக் கேட்டாலே ஒரு வருஷமாக அவனுக்கு அந்த வாடை வரும்.

அய்யாவைச் சுடுகாட்டில் எரித்து, மறுநாள் பால் ஊற்றி, எலும்பைப் பொறுக்கிக் கலயத்தில் போட்டார்கள். ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில்தான் கரைக்க வேண்டும் என்பது அய்யாவின் ஆசை. கூட வருவதாகச் சொன்ன பாண்டீஸ்வரனுக்கு அறுப்பு வேலை வந்துவிட்டது. கலயத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதால் சுடுகாட்டு வேப்பமரத்தில் துணியால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டு மூன்று நாள் பங்குனி வெயில். கடைசியில் தர்மராஜ் தனியாகவே போகிறேன் என்று பைக் கைப்பிடியில் அதை மாட்டிக்கொண்டு கிளம்பினான். கண்மாய்க் கரையில் மடை பக்கம் ஒரு பள்ளத்தில் வண்டி ஏறி இறங்கியது. கலயம் சாய்ந்து அவன் முழங்காலில் ஊற்றியது. திரிந்த பால், அதில் ஊறிய சாம்பல், அதோடு ஒட்டிக்கொண்ட சின்னச் சின்ன எலும்பு. வெதுவெதுவென்று வேட்டிக்குள் இறங்கியது.

அங்கேயே வாந்தி எடுத்தான். எடுத்து முடித்த பிறகு அந்தக் கலயத்தை மறுபடி கையில் தொட அவனால் முடியவில்லை. ராமேஸ்வரம் வரை, பாம்பன் பாலம் தாண்டி, அதை முழங்காலோடு உரசிக்கொண்டே போவது அவனால் ஆகாத காரியம். அந்த வருஷம் மழை பரவாயில்லை, மடைக்குழியில் ஆள் மூழ்கத் தண்ணீர் கிடந்தது. வண்டியிலிருந்து கழன்று கரையில் கிடந்த கலயத்தைக் காலால் தள்ளினான். கையால் கூட இல்லை, காலால். சாம்பல் தண்ணீர்மேல் விரிந்தது. அதற்குக் கீழே ஏதோ வந்து வாயைத் திறந்து திறந்து மூடியதை அவன் பார்த்தான், பார்க்காத மாதிரி வண்டியை எடுத்தான்.

பகல் முழுவதும் ராமநாதபுரத்தில் சுற்றினான். பஸ் ஸ்டாண்டுக் கடையில் மகள் மதுமதிக்கு ஒரு சிப்பி மாலை வாங்கினான். திரும்பும்போதுதான் அக்கா தீர்த்தத்துக்குக் கொடுத்துவிட்ட பாட்டில் ஞாபகம் வந்தது. கண்மாயின் எதிர்க்கரையில் நிரப்பி, ஒரு கை உப்பைப் போட்டுக் குலுக்கினான். கலைச்செல்வி அதைக் கண்ணில் ஒற்றி, வீடெல்லாம் தெளித்து, ஒரு உள்ளங்கை குடிக்கவும் செய்தாள். "என்னலே, கடத்தண்ணி இப்புடி மணக்குது?" என்று கேட்டாள். "அங்க அப்புடித்தான்க்கா" என்றான். அன்றிலிருந்து அவன் மீனைத் தொடவில்லை.

இதைச் சொன்னால் அக்கா இந்த வாசலை மிதிக்க மாட்டாள். ஊர் காறித் துப்பும். பெற்ற தகப்பனைக் கண்மாயில் காலால் தள்ளியவன் என்ற பெயர் மதுமதியின் கல்யாணம் வரைக்கும் கூட வரும். அதனால் அவன் வாயைத் திறக்கவில்லை. ஒரு வருஷம் அது நன்றாகவே வேலை செய்தது.

"அய்யாவே அனுப்பிவிட்டாக" என்றாள் கலைச்செல்வி. அடுப்படியில் நாளைக்கான சாமான்களை, தர்மராஜின் மனைவி மகேஸ்வரியோடு சேர்ந்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். "கெளுத்திக் கொழம்புன்னா அவுகளுக்கு உசுரு. தலைத்தெவசத்துக்கு மொத நாளு, தானா வந்து மச்சான் ஊத்தாவுல விழுந்திருக்குன்னா என்ன அர்த்தம்? தலையை அப்புடியே முழுசா போட்டு வைக்கணும் மகேசு. அவுக தலையைத்தான் உறிஞ்சிச் சாப்பிடுவாக. முள்ளை ஒண்ணொண்ணா எடுத்து எலை ஓரத்துல வரிசையா அடுக்குவாக, ஞாபகம் இருக்குதா?"

"இருக்கு மதினி" என்றாள் மகேஸ்வரி.

நாளை திவசம் என்பதால் அந்த வீட்டில் மட்டும் இன்று கவுச்சி ஆகாது. அதனால்தான் கெளுத்தி உயிரோடு இருந்தது.

"அதை நாம சாப்பிட வேணாம்" என்றான் தர்மராஜ். குரல் அவனுக்கே அன்னியமாகக் கேட்டது. "கோழிக்கழிவைக் கொண்டாந்து மடைக்குழியில கொட்டுறாங்க. அதைத் தின்னு வளந்தது. பிள்ளைக்கு ஆகாது."

"எவன் கொட்டுனான்?" என்றாள் கலைச்செல்வி சட்டென்று. "நம்ம கண்மாயில எவன்லே கொட்டுனது?"

 மகேஸ்வரி அவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி புளியைப் பிசைந்தாள்.

மதுமதியைக் காணோம் என்று அப்போதுதான் கவனித்தான். முன்பல் விழுந்து முளைக்காத வயசு, அரை நிமிஷம் ஓரிடத்தில் இருக்க மாட்டாள். கொல்லைக்குப் போனான். அவள் டிரம்மின் விளிம்பில் வயிற்றை வைத்துத் தொங்கிக்கொண்டு, சோற்றை உருட்டி உருட்டித் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்தாள். கீழே இருந்து ஒரு வாய் வந்து அவள் விரலோடு சேர்த்துக் கவ்வி மெதுவாக விட்டது. அவள் கூச்சத்தில் சிரித்தாள்.

"அப்பா, இது பாவம்ப்பா. இதுக்கு ரொம்பச் சளி."

அவளை இழுத்துத் தூக்கினான். விரலிலிருந்து தண்ணீர் வரை ஒரு இழை தொங்கியது, அறுபடவில்லை. சாம்பல் நிறம். அதே கையால் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கிணற்றுத் தண்ணீரை இறைத்து, சோப்புப் போட்டுக் கழுவினான். வழுவழுப்பு போகவில்லை. மறுபடி கழுவினான். மணலைப் போட்டுத் தேய்த்தான். பிள்ளை வலிக்குது என்று அழுதாள். அவன் கையிலும் இப்போது அது ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே முகர்ந்தான். மீன் வாடை இல்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த சிரட்டையின் வாடை.

பொழுது சாயும் நேரம் பெண்களும் பிள்ளையும் அய்யனார் கோயிலுக்கு விளக்குப் போடப் போனார்கள். பாண்டீஸ்வரன் கடைத்தெருவுக்குப் போனார். கரண்டும் அந்த நேரம் பார்த்துப் போயிற்று. தர்மராஜ் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தான். அதை அள்ளிச் சாக்கில் போட்டு, கட்டி, ஊருக்கு வெளியே எங்காவது குழி வெட்டிப் புதைத்துவிட வேண்டும். பூனை தூக்கிக்கொண்டு போயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம். கை நீள மீனை எந்தப் பூனை தூக்கும் என்று அக்கா கேட்டால் கேட்கட்டும். மதுமதி அதைத் தின்னக் கூடாது, அவ்வளவுதான். அவனுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

டிரம்முக்குள் எட்டிப் பார்த்தான். தண்ணீரின் மேல் ஏடு கட்டியிருந்தது. ஆறிப்போன பாலில் கட்டுமே, அப்படி. வெள்ளையும் சாம்பலுமாக, அங்கங்கே சுருங்கி. ஏட்டைக் கிழித்துக்கொண்டு இரண்டு மீசை வெளியே வந்தன. பிறகு தட்டையான தலை. சின்னக் கண். அது அவனைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றது.

கையை விட்டான். முழங்கை வரை கதகதப்பாக இருந்தது. வெயிலில் இருந்த தண்ணீர், சூடாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். இந்தக் கதகதப்பு வேறு. உடம்புக்குள் இருக்கிற கதகதப்பு. கெளுத்தியின் வயிற்றைப் பிடித்தான். விரல் உள்ளே அமுங்கியது. உள்ளே ஏதோ நொறுநொறுவென்று உரசியது, கலயத்தைக் குலுக்கினால் கேட்கும் சத்தம். பிடி வழுக்கியது. மறுபடி பிடித்தான். வழுக்கியது. அது விலகி ஓடவில்லை. திரும்பி அவன் உள்ளங்கைக்குள் தன் வாயை வைத்தது. வைத்துக்கொண்டு செருமியது.

சின்னதாக இரண்டு. நீளமாக ஒன்று.

உள்ளங்கையில் கட்டியாக என்னவோ வந்து விழுந்தது.

அவன் கையை உதறிக்கொண்டு பின்னால் விழுந்தான். சுவரில் துடைத்தான். சட்டையில் துடைத்தான். மண்ணில் புரட்டினான். போகவில்லை. குமட்டி, குமட்டி, வெறும் பித்தமாக வந்தது.

"என்னலே பண்ணுற இங்கன?"

கலைச்செல்வி கையில் விளக்கோடு நின்றாள். சாக்கைப் பார்த்தாள். டிரம்மைப் பார்த்தாள். "அய்யாவுக்குப் படைக்க வச்சிருக்கதை எங்க கொண்டு போகப் பாத்த?"

"அக்கா, அது மீனு இல்லக்கா."

"பின்ன என்ன?"

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். அக்காவின் பின்னால் மகேஸ்வரி நின்றாள், அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு மதுமதி. மூன்று பேரும் அவன் வாயையே பார்த்தார்கள். அந்த வாக்கியம் நெஞ்சு வரை வந்தது, தொண்டையில் கட்டிக்கொண்டு நின்றது.

"கெட்டுப்போச்சு போல. வாடை அடிக்கிது" என்றான்.

"உனக்கு அய்யா மேலயும்தான் வாடை அடிச்சுச்சு" என்றாள் கலைச்செல்வி. அத்தோடு டிரம் மேல் பலகையைப் போட்டு, பலகை மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

காலையில் மகேஸ்வரி கெளுத்தியைக் கல்லில் போட்டு, சாம்பலும் உப்பும் வைத்துத் தேய்த்தாள். வழுவழுப்பு போகத் தேய்க்கத் தேய்க்க இன்னும் சுரந்தது. கல், அரிவாள்மனை, அவள் வளையல், எல்லாம் ஒரே சவ்வு. "இது என்னங்க, ஊத்துக் கண்ணாட்டம் வந்துக்கிட்டே இருக்கு" என்றாள். மூக்கைச் சுளித்தாள். முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டு தலையை அறுத்தாள். அறுத்து வைத்த தலை வாயைத் திறந்து மூடியது. கெளுத்தித் தலை அப்படித்தான் கொஞ்ச நேரம் துடிக்கும், அதில் அதிசயம் இல்லை. ஆனால் அது வெகுநேரம் துடித்தது. குழம்பு கொதிக்கத் தொடங்கிய பிறகும் தட்டில் இருந்தபடி திறந்தது, மூடியது.

வயிற்றைக் கீறினாள். சேறு வரவில்லை. குழைந்த சாம்பல் வந்தது. கெட்டியாக, ஈரமாக. அதற்குள் வெள்ளை வெள்ளையாக உடைந்த சில்லுகள்.

"நத்தை ஓடு போல" என்றாள் மகேஸ்வரி. அதை வாரி கோழிகளுக்கு எறிந்தாள். கோழிகள் ஓடி வந்தன. நின்றன. ஒன்றையொன்று இடித்துக்கொண்டு திரும்பிப் போயின.

தர்மராஜ் வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தான். "மகேசு. பிள்ளைக்கு நேத்தே மேலு சுட்டுச்சு. மீனு குடுக்காத. தயிர்சோறு போதும். எனக்காக."

அவள் அரிவாள்மனையைக் கழுவிக்கொண்டே அவனைப் பார்த்தாள். "நீங்க என்னத்தையோ மறைக்கிறீக" என்றாள். கோபமாக இல்லை. பயந்துபோய்ச் சொன்னாள். "சரி. குடுக்கல."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவன் உச்சிப்பொழுதுவரை இருந்தான்.

உச்சியில் கூடத்தில் படையல் போட்டார்கள். அய்யாவின் கட்டில் கிடந்த இடத்தில் அவர் படம், அதற்கு முன் தலைவாழை இலை, சோறு, குழம்பு, நடுவில் அந்தத் தலை முழுசாக. வெந்தும் அதன் மீசை விறைத்து நின்றது. குழம்பின் மேல் எண்ணெய் மிதக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஏடு கட்டியிருந்தது. பாண்டீஸ்வரன் சூடம் காட்டினார். எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். காக்காய்க்கு ஒரு இலையில் சோறும் ஒரு துண்டு மீனும் எடுத்துக்கொண்டு, பிள்ளையைக் கூடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, நான்கு பேரும் கொல்லைக்கு வந்தார்கள். காக்காய் எடுத்த பிறகுதான் மனுஷர் கை நனைக்கலாம்.

"கா... கா..." என்று கலைச்செல்வி கூப்பிட்டாள். மதில் மேல் இலை வெயிலில் கிடந்தது.

மீன் பிடித்த ஊரில் காக்காய்க்குப் பஞ்சமா? கண்மாய்ச் சேற்றில் நூற்றுக்கணக்கில் இறங்கிக் கத்திக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டுக் கூரையில் நாலைந்து உட்கார்ந்திருந்தன. இலையைப் பார்த்தன. ஒன்று கூட வரவில்லை.

"கா... கா..." அவள் குரல் கம்மியது. நேரம் போனது. பாண்டீஸ்வரன் சிரிப்பை விட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். கூரையில் இருந்த காக்காய்களும் எழுந்து போயின.

கலைச்செல்வி அழத் தொடங்கினாள். "அய்யாவுக்கு மனசு குளிரல. என்னமோ குறை வச்சிருக்கோம்." தம்பியின் பக்கம் திரும்பி அவன் சட்டையைப் பிடித்தாள். "காரியமெல்லாம் நீதானேலே பண்ணுன. எதுலயும் குறை வச்சியா? இருந்தாச் சொல்லிரு. ராமேஸ்வரம் போயி மறுபடி செஞ்சுக்கிருவோம். உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன். சொல்லுலே தம்பி."

நேற்றிலிருந்து யாரும் இவ்வளவு தணிவாக அவனிடம் கேட்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது. இப்போது சொன்னால் முடிந்துவிடும். குழம்பைக் கொட்டிவிடலாம். நாளைக்கே ராமேஸ்வரம் போகலாம். வாயைத் திறந்தான்.

மகேஸ்வரி பார்த்தாள். மச்சான் பார்த்தார்.

"ஒரு குறையும் இல்லக்கா" என்றான்.

வீட்டுக்குள் யாரோ செருமினார்கள்.

தர்மராஜ் டிரம்மைப் பார்த்தான். கவிழ்ந்து கிடந்தது. காலி.

மறுபடியும். சின்னதாக இரண்டு. கலைச்செல்வியின் கை அவன் சட்டையை விட்டது. அவள் முகம் முதலில் வெளிறியது, அப்புறம் மலர்ந்தது. "அய்யா" என்றாள். உள்ளே ஓடினாள். எல்லோரும் ஓடினார்கள். அவன் கடைசியாகப் போனான். 

இலைக்கு முன்னால் மதுமதி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

இலையில் தலை இல்லை. அதன் ஓடுகள் இருந்தன. ஒட்ட ஒட்ட உறிஞ்சிக் கிடந்தன. இலை ஓரத்தில் முள், ஒன்றை அடுத்து ஒன்று, வரிசையாக அடுக்கி இருந்தது. முள்ளுக்கு முள் இடைவெளி கூட ஒரே அளவு. மீனென்றால் முள் எடுத்து ஊட்டச் சொல்லி அழுகிற பிள்ளை. விரலை ஒவ்வொன்றாகச் சப்பிக்கொண்டிருந்தாள். உதட்டிலிருந்து நெஞ்சு வரை ஒரு இழை தொங்கியது.

கலைச்செல்வி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். "அய்யா, வந்துட்டீகளா, என் அய்யா." பாண்டீஸ்வரன் கை கூப்பினார். மகேஸ்வரி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 

பிள்ளை அவர்களைப் பார்க்கவில்லை. தர்மராஜை மட்டும் பார்த்தாள்.

"ஏலே தர்மா."

குரல் அவளுடையதுதான். பல் விழுந்த இடத்தில் காற்றுப் போகிற, மழலை மாறாத குரல். நீளமாக இழுத்தாள். அந்தச் சின்ன நெஞ்சுக்கூடு முழுவதும் ஏறி இறங்கியது. கழுத்தில் ஏதோ உருண்டு மேலே வந்தது. மூச்சு நின்றது. முகம் நீலம் பாய்ந்தது. கண் அவனை விட்டு நகரவில்லை.

"கையை நீட்டுலே."

சிரட்டை இல்லை. அதைப் போன வருஷமே எரித்தாயிற்று.

மண்டியிட்டான். இரண்டு கையையும் சேர்த்து அவள் வாய்க்குக் கீழே நீட்டினான்.

விழுந்தது. வெதுவெதுப்பாக. சாம்பல் நிறத்தில். புளித்த பால் வாடை. நடுவில் கடினமாக ஒரு சில்லு, அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் அறுபடாமல் கயிறாக. அவன் முகத்தைத் திருப்பவில்லை. திருப்ப முடியவில்லை.

தரையில் கிடந்தபடி கலைச்செல்வி கேட்டாள். "அய்யா, ராமேஸ்வரத்துல நல்லபடியாப் போய்ச் சேந்தீகளா?"

 அப்பாவின் கை நிறைந்து வழிவதைப் பார்த்துக்கொண்டே மதுமதி மறுபடியும் செருமினாள்.